தேவதாரு என்று சொல்லி அரக்கேரியாவைத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்

தேவதாருக் கன்று வாங்க நினைப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு விற்றவர், "அசல் இமயமலை தேவதாரு, வெயில் படவே கூடாது, நிழலிலேயே வையுங்கள்" என்று அடித்துச் சொன்னார். கொடுத்ததோ அரக்கேரியா, அதாவது பலரும் கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் வளர்ப்பது.

இரண்டுமே ஓங்கி வளரும், என்றும் பசுமையான ஊசியிலை மரங்கள்தான். ஆனால் பிறந்த இடம் அடியோடு வேறு. தேவதாரு மேற்கு இமயமலையில் ஏறக்குறைய 1,500 முதல் 3,200 மீட்டர் உயரத்தில் காடாக நிற்பது. அரக்கேரியா ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில் உள்ள நார்ஃபோக் தீவின் மரம். உப்புக்காற்றைத் தாங்கும், கடும் உறைபனியைத் தாங்காது. நல்ல வெளிச்சம் வேண்டும். அவர் பேச்சை நம்பி நிழலில் வைத்ததில் கீழ்க்கிளைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து உதிர்ந்தன. இத்தனைக்கும் தேவதாருவே வெயிலை விரும்பும் மரம்!

கிளையைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். தேவதாருவின் முற்றிய கிளையில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் இருபது, முப்பது ஊசிகள் கொத்தாக விரியும், ஊசி 2.5 முதல் 5 செ.மீ. வரை நீளும். புதுத் தளிரில் மட்டும் தனித்தனியாக இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அரக்கேரியாவில் கொத்தே கிடையாது. ஒரு செ.மீ. அளவு ஊசிகள் உள்பக்கம் வளைந்து, தண்டே தெரியாமல் சுற்றி மூடியிருக்கும். கிளைகள் அடுக்கடுக்காக, பெரும்பாலும் அடுக்குக்கு ஐந்தாக வரும்.

பெயர் மாறியதைக்கூடப் பொறுத்திருப்பேன். தண்டைக் குச்சியோடு சேர்த்துப் பச்சை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நூலை அவிழ்த்ததும் கன்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. புதுத் தளிரும் படுக்கைவாட்டிலேயே போகிறது. பக்கக் கிளையை வெட்டி வேர்விட வைத்த கன்று அது. அரக்கேரியாவின் பக்கக் கிளை வேர்பிடித்தாலும் கிளையாகவேதான் வளரும், நிமிர்ந்த மரமாகாது. விதைக்கன்றோ, உச்சிக்குருத்திலிருந்து எடுத்த கன்றோதான் நேராக எழும்பும்.

கேட்டதற்கு, "எல்லாம் ஒரே பைன் குடும்பம்தானே" என்று பதில். அதுவும் பொய். தேவதாருதான் பைன் குடும்பம். அரக்கேரியாவுக்குத் தனிக் குடும்பம். பணமும் திரும்பவில்லை.

வாங்கும்போது முற்றிய கிளையைக் காட்டச் சொல்லுங்கள். குச்சிக் கட்டை உங்கள் கண்முன்னே அவிழ்க்கச் சொல்லுங்கள். அவிழ்க்க மறுத்தால் அந்தக் கன்றை வாங்காதீர்கள்.