தமிழ் மின்னஞ்சலைக் கட்டி அனுப்ப எது சரி: பேஸ்64-ஆ, கோட்டட் பிரிண்டபிளா, 8பிட்டா?

ஆங்கில எழுத்தும் இலக்கமும் மட்டும் அடங்கிய ஆஸ்கி பட்டியலுக்கு வெளியே இருக்கும் எழுத்தை மின்னஞ்சலில் எப்படி அனுப்புவது என்று கேட்டால் வழக்கமாக ஒரு பதில் வரும்: உரைக்குக் கோட்டட் பிரிண்டபிள், படத்துக்கும் கோப்புக்கும் பேஸ்64. இரண்டும் மற்றதை ஆஸ்கி எழுத்துகளாக மாற்றிக் கட்டும் முறைகள். பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ எழுதுகிறவர்களுக்கு நல்ல அறிவுரைதான். தமிழுக்கு அது பொருந்தாது. பத்தமடைப் பாய்க்கும் கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கும் ஆர்டர் எடுக்கிற கடைகள், பாளையங்கோட்டையில் இருக்கிற டியூஷன் சென்டர்கள் என்று நம் பக்கத்தில் தமிழிலேயே மெயில் போகவேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நிரல் எழுதுகிறவர்கள் ஐரோப்பிய மொழிகளுக்குப் போட்ட கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்.

முதலில் இந்தக் கட்டுமானம் ஏன் வேண்டும்? 1982-இல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற இணையத் தர ஆவணம் மின்னஞ்சலை 7 பிட் ஆஸ்கியாக மட்டுமே பார்த்தது. நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் 1992 ஜூனில், மற்ற எழுத்துகளையும் கோப்புகளையும் மெயிலில் அனுப்ப வழிசெய்யும் மைம் தரத்தைக் கொண்டுவந்தார்கள். 1996 நவம்பரில் அது ஆர்எஃப்சி 2045 முதல் 2049 வரை திருத்தி எழுதப்பட்டது. உடல் பகுதிக்கு 2045, சப்ஜெக்ட் போன்ற ஹெடர் வரிகளுக்கு 2047. இன்றைக்கும் நம் தமிழ் மெயில் இந்த இரண்டின் மேல்தான் ஓடுகிறது.

யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய ஒவ்வொரு குறியும், யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில், 3 பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் மாறும். "திருநெல்வேலி" என்பது கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் அது 12 குறி, ஆக 36 பைட். பேஸ்64 மூன்று பைட்டை நான்கு ஆஸ்கி எழுத்தாக்கும் என்பதால் அது 48 எழுத்தாகும். கோட்டட் பிரிண்டபிள் ஒவ்வொரு பைட்டையும் ஒரு சமக்குறியும் இரண்டு ஹெக்ஸ் இலக்கமுமாக எழுதும். அதில் அதே ஊர்ப் பெயர் 108 எழுத்து. ஒரு தமிழ்க் குறிக்கு 4, எதிரே 9. வரிக்கு 76 என்ற வரம்புக்குள் பேஸ்64-இல் 19 தமிழ்க் குறிகள் அடங்கும், கோட்டட் பிரிண்டபிளில் எட்டுதான். ஒரு வரிக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொள்ளலாம்.

கோட்டட் பிரிண்டபிளுக்குச் சொல்லப்படும் பெரிய பெருமை, மூலத்தைத் திறந்து பார்த்தாலும் மனிதர் படித்துவிடலாம் என்பது. பிரெஞ்சில் நூறு எழுத்தில் சிலதான் ஆஸ்கிக்கு வெளியே இருக்கும். மீதி அப்படியே தெரியும். தமிழில் இடைவெளியும் முற்றுப்புள்ளியும் தவிர எதுவும் தெரியாது. பேஸ்64-இல் ஒரு வசதி உண்டு. தமிழ்ச் சொல் உயிரிலோ மெய்யிலோ தொடங்கும், அந்தக் குறிகளின் முதல் இரண்டு பைட் எப்போதும் 224, 174. ஆகவே தமிழில் தொடங்கும் சப்ஜெக்டின் பேஸ்64 எப்போதும் 4, கே, 6 என்றே ஆரம்பிக்கும். சர்வர் பதிவில் அந்த மூன்றையும் கண்டவுடன் உள்ளே தமிழ் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிழை தேடும்போது இது எனக்கு நிறையவே உதவுகிறது.

ஆங்கிலமும் தமிழும் கலந்த மெயில் என்றால்? தமிழ்க் குறி ஒன்றுக்கு கோட்டட் பிரிண்டபிளில் 5 எழுத்து நஷ்டம். ஆஸ்கி எழுத்து ஒன்றுக்கு பேஸ்64-இல் மூன்றில் ஒரு பங்கு நஷ்டம். ஒரு தமிழ்க் குறிக்கு 15 ஆஸ்கி எழுத்து என்ற விகிதத்தில் இரண்டும் சமம். ஆங்கிலம் அதையும் தாண்டினால் கோட்டட் பிரிண்டபிள் ஜெயிக்கும். முழு ஆங்கில ரசீதில் வாடிக்கையாளர் பெயர் மட்டும் தமிழில் இருந்தால் அதுவே சரி. முழுக்க ஆங்கிலமாக இருக்கும் கடிதத்தை பேஸ்64-இல் கட்டினால் ஸ்பாம் வடிகட்டிகள் சந்தேகப்படவும் கூடும். ஒரு பத்தி தமிழ் வந்துவிட்டால் இந்த விவாதமே வேண்டாம், பேஸ்64 போடுங்கள்.

ஹெடரில்தான் வித்தியாசம் கண்ணில் அடிக்கும். ஆர்எஃப்சி 2047 ஹெடர் உரையைத் துண்டு துண்டாகக் கட்டச் சொல்கிறது. சமக்குறி, கேள்விக்குறி, எழுத்துத் தொகுப்பின் பெயர், பி அல்லது க்யூ என்ற வகை, பிறகு உரை, கடைசியில் கேள்விக்குறியும் சமக்குறியும். ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது, துண்டு இருக்கும் வரி 76-ஐத் தாண்டக் கூடாது. யூடிஎஃப்-8 என்று போட்டால் மேலுறைக்கே 12 எழுத்து போய்விடும். மிஞ்சும் 63-இல் பி வகையில் 15 தமிழ்க் குறி, க்யூ வகையில் 7. முதல் வரியில் சப்ஜெக்ட் என்ற பெயரும் அதன் முக்காற்புள்ளியும் ஓர் இடைவெளியுமாக 9 எழுத்து பிடித்துக்கொள்வதால் அங்கே பி-க்கு 13, க்யூ-வுக்கு 6.

இப்போது "கல்லிடைக்குறிச்சி" என்று எழுதிப் பாருங்கள். 17 குறி. பி வகையில் "கல்லிடைக்குறி", "ச்சி" என்று இரண்டாக உடையும். க்யூ வகையில் மூன்றாக உடையும்: "கல்லிட", பிறகு ஐகாரக் குறியில் தொடங்கும் "ைக்குறி", கடைசியில் "ச்சி". தரத்தின் கண்ணில் இதில் தப்பில்லை. ஒரு குறியின் பைட்டுகளைத்தான் இரண்டு துண்டாகப் பிரிக்கக் கூடாதே ஒழிய, "டை" என்ற எழுத்தைப் பிரிக்காதே என்று அது சொல்லவில்லை. படிக்கிற நிரல் துண்டுகளுக்கு இடையிலான வெற்றிடத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சேர்ந்துவிடும். எடுக்காத நிரல்களும் இருக்கின்றன. அப்பளக் கடைக்காரர் ஒருவர் போனைக் காட்டி, "தம்பி, ஊர் பேருல பாதி ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம் வட்டத்தோட நிக்குது. வெளிநாட்டுக்காரனுக்கு இது எப்படி வெளங்கும்?" என்று கேட்டார். "அண்ணாச்சி, பேரு சரியாத்தான் போயிருக்கு, அந்தப் பக்கம் ஒட்டத் தெரியலை" என்றேன். க்யூ-வை பி-யாக மாற்றிய பிறகு அவர் பயன்படுத்தும் சப்ஜெக்டுகளில் உடைப்பு குறைந்தது. துண்டு குறைந்தால் விபத்தும் குறையும், அவ்வளவுதான். பி வகையிலும் நீண்ட சப்ஜெக்டில் ஒரு புள்ளியோ கொம்போ துண்டின் தொடக்கத்தில் வந்து விழலாம். அதனால் சப்ஜெக்டைச் சுருக்கமாக வைப்பது நல்லது.

இனி 8பிட். எதையும் கட்டாமல் யூடிஎஃப்-8 பைட்டுகளை அப்படியே அனுப்புவது. குறிக்கு 3 பைட், இதைவிடச் சிறியது இல்லை. 8பிட்மைம் என்ற நீட்டிப்பு 1993-லேயே வந்துவிட்டது, இன்றைய சர்வர்கள் பெரும்பாலும் ஏற்கும். ஆனாலும் நான் இதைத் தேர்ந்தெடுப்பதில்லை. மின்னஞ்சலில் ஒரு வரி 998 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. தமிழில் அது 332 குறி, ஏறக்குறைய நாற்பது சொல். நடுவில் என்டர் தட்டாத ஒரு சாதாரணப் பத்தியே அதைத் தாண்டிவிடும். வழியில் இருக்கும் சர்வர் அந்த இடத்தில் வரியை வெட்டினால் ஒரு குறியின் மூன்று பைட் இரண்டும் ஒன்றுமாகப் பிரியும், அந்த இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி முளைக்கும். இன்னொன்று, கடிதம் வழியில் மாறவில்லை என்று காட்ட அனுப்பும் சர்வர் போடும் டிகிம் கையொப்பம். 8பிட் ஏற்காத சர்வர் ஒன்று நடுவில் வந்து உடலை வேறு கட்டுக்கு மாற்றினால், நீங்கள் போட்ட கையொப்பம் செல்லாது. அதனால்தான் கையொப்பத்துக்கு முன்பே 7 பிட்டாக்கிவிடும்படி டிகிம் தரமே பரிந்துரைக்கிறது.

எஸ்எம்டிபி யூடிஎஃப்8 என்ற 2012-ஆம் ஆண்டுத் தரம் ஹெடரிலேயே நேராகத் தமிழ் எழுத விடுகிறது. சப்ஜெக்டுக்காக மட்டும் இதைத் தேடிப் போகவேண்டாம். முகவரியே தமிழில் இருந்தால்தான் இது தேவை. ஆர்எஃப்சி 2047 பெயருக்குத்தான் உதவும், அட் குறிக்கு முன்னால் இருக்கும் பகுதியை அதில் கட்ட அனுமதி இல்லை. .இந்தியா என்ற தமிழ் டொமைனை ப்யூனிகோட் என்ற ஆஸ்கி வடிவத்துக்கு மாற்றிவிடலாம், முன்பகுதிக்கு அப்படி மாற்றுவழி கிடையாது. ஜிமெயில் 2014 முதல் இத்தகைய முகவரிகளை ஏற்கிறது. வழியில் ஒரே ஒரு சர்வர் ஏற்காவிட்டாலும் கடிதம் திரும்பி வந்துவிடும்.

பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தேர்வு இருக்கிறது: மைம்டெக்ஸ்ட், ஹெடர் என்ற பழைய வகுப்புகளா, 3.6 பதிப்பில் நிலைபெற்ற ஈமெயில்மெசேஜா? கடிதம் எழுதுவதற்குப் புதியதே. பழைய வழியில் ஃப்ரம் வரியில் பெயரையும் முகவரியையும் ஒரே சரமாகக் கொடுத்தால், தமிழ்ப் பெயரோடு சேர்த்து முகவரியையும் கட்டுக்குள் சுருட்டிவிடும். அந்தக் கடிதத்துக்கு அனுப்புநர் முகவரியே இல்லாமல் போகும். புதியது பெயரை மட்டும் கட்டும், முகவரியைத் தொடாது.

உடலில் மட்டும் புதியதை அதன் போக்கில் விடாதீர்கள். எல்லா வரிகளும் 78 பைட்டுக்குள் இருந்தால், அதாவது வரிக்கு 26 தமிழ்க் குறிக்குள் இருந்தால், அது 8பிட்டைத் தேர்ந்தெடுக்கும். ஒரு வரி நீண்டாலும் முதல் பத்து வரியைக் கட்டிப் பார்த்து எது சிறியதோ அதை முழுக் கடிதத்துக்கும் போடும். மேலே பத்து வரி ஆங்கிலத்தில் கடை முகவரியும் பில் எண்ணும், கீழே இரண்டு பக்கம் தமிழ் என்றால் முழுக்கக் கோட்டட் பிரிண்டபிளாகிவிடும். ஒரே நிரல், மூன்று விதமான கடிதம். செட்_கன்டென்ட் அழைக்கும்போது சிடிஇ என்ற அளபுருவுக்கு பேஸ்64 என்று கொடுத்துவிட்டால் இந்தத் தடுமாற்றம் தீரும். பழைய மைம்டெக்ஸ்ட் யூடிஎஃப்-8 என்றாலே பேஸ்64-தான் போடும். இந்த ஒரு விஷயத்தில் அது தமிழுக்கு நல்லதைச் செய்தது.

வந்த கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில் தீர்ப்பு அவ்வளவு நேராக இல்லை. மெசேஜ்_ஃப்ரம்_பைட்ஸ் அழைக்கும்போது பாலிசி.டிஃபால்ட் கொடுக்காவிட்டால் பைத்தான் பழைய வகைப் பொருளையே தரும், சப்ஜெக்டும் கட்டு அவிழாமலே வரும். கொடுத்தால் நேராகத் தமிழ் வரும். ஒழுங்காக எழுதிய கடிதத்துக்கு இது போதும். ஒழுங்கில்லாத கடிதம் வரும்போதுதான் சிக்கல். சில நிரல்கள் முழு சப்ஜெக்டின் பைட்டுகளையும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டி, ஒரு குறியின் நடுவே துண்டைப் பிரித்துவிடுகின்றன. பழைய டிகோட்_ஹெடர் பக்கத்துத் துண்டுகள் ஒரே எழுத்துத் தொகுப்பில் இருந்தால் பைட்டுகளைச் சேர்த்தே கொடுக்கும், உடைந்த எழுத்து மீண்டும் கூடிவிடும். புதியது, நான் பார்த்த பதிப்புகளில், ஒவ்வொரு துண்டையும் தனியாக அவிழ்ப்பதால் அந்த எழுத்தைக் காப்பாற்றுவதில்லை. ஆகவே எழுதப் புதியது, வெளியிலிருந்து வரும் சப்ஜெக்டைப் படிக்கப் பழைய டிகோட்_ஹெடர் என்று இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

உடலைப் படிக்கும்போது கெட்_கன்டென்ட்டை நம்பவேண்டாம். எழுத்துத் தொகுப்பின் பெயரே இல்லாத கடிதத்தை அது ஆஸ்கி என்று எடுத்துக்கொண்டு தமிழ் பைட் அத்தனையையும் மாற்றுக் குறியாக்கிவிடும். கெட்_பேலோட் வழியாக பைட்டுகளை எடுத்து, முதலில் கண்டிப்பான யூடிஎஃப்-8 ஆக டிகோட் செய்து பாருங்கள். யூடிஎஃப்-8-இன் அமைப்பு கறாரானது, வேறு எழுத்துரு உரை தற்செயலாக அதில் பொருந்துவது மிக அரிது. வரிசையாகக் கோடிட்ட ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உம் மாறி மாறித் தெரிந்தால் பயப்படவேண்டாம். 224-உம் 174-உம் லத்தீன்-1 என்ற ஐரோப்பிய எழுத்துத் தொகுப்பில் அப்படித்தான் தெரியும். தமிழ் முழுசாக இருக்கிறது, மேலே ஒட்டிய பெயர்தான் தப்பு.

யூடிஎஃப்-8 தோற்றால் அது பெரும்பாலும் பழைய காலக் கடிதம். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் வெளிநாட்டுத் தமிழர்கள் டிஸ்கி என்ற குறியேற்றத்தில் எழுதினார்கள், 1999-இல் தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாப், டாம் என்ற எழுத்துருக் குறியேற்றங்களை ஏற்றது. அந்தக் கடிதங்களில் எழுத்துத் தொகுப்பு என்று லத்தீன்-1 போட்டிருப்பது சகஜம். பைத்தானோடு வரும் தொகுப்பில் டிஸ்கி இல்லை. லினக்ஸின் ஐகான்வ் என்ற மாற்றுக் கருவி டிஸ்கியை அறியும், ஓப்பன்-தமிழ் நூலகத்திலும் மாற்றிகள் உண்டு. எழுத்துக்கு எழுத்து பட்டியல் போட்டு நீங்களே மாற்ற முயலவேண்டாம். டிஸ்கியில் ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால் வரும். "நெல்லை" என்ற சொல்லிலேயே கொம்பும் ஐகாரமும் இரண்டும் இடம் மாறவேண்டும்.

பிஎச்பி-யில் ஓடும் கடைத் தளங்களுக்கு: மெயில் என்ற அடிப்படைச் செயற்கூறு சப்ஜெக்டைக் கட்டித் தராது, எம்பி_என்கோட்_மைம்ஹெடர் வழியாக நீங்கள்தான் கட்டிக் கொடுக்கவேண்டும். பிஎச்பிமெயிலர் பரவாயில்லை, ஆனால் அதன் இயல்பு எழுத்துத் தொகுப்பு லத்தீன்-1. கார்செட்டை யூடிஎஃப்-8 என்றும், என்கோடிங்கை பேஸ்64 என்றும் இரண்டையும் மாற்றியே ஆகவேண்டும்.

இணைப்புக் கோப்பின் பெயரைத் தமிழில் வைக்க 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2231 வழி செய்கிறது. சதவீதக் குறியோடு எழுதுவதால் அங்கேயும் குறிக்கு 9 எழுத்து, பேஸ்64 என்ற மாற்று கிடையாது. சில நிரல்கள் அதை விட்டுவிட்டு 2047 துண்டை மேற்கோளுக்குள் போடுகின்றன, தரம் அதைத் தடுக்கிறது. இரண்டையும் எல்லா மெயில் செயலிகளும் ஒரே மாதிரி படிப்பதில்லை. கோப்புப் பெயருக்கு மட்டும் பில் எண்ணை ஆங்கில இலக்கத்தில் போட்டுவிட்டு, தமிழை ரசீதுக்குள் நிறைய எழுதச் சொல்கிறேன்.