விருப்பத் தேர்வாக ஒட்டி வரும் விளம்பர நிரல்: ஆன்டிவைரஸ் எங்கே கோடு கிழிப்பது?

இலவச மென்பொருள் ஒன்றை நிறுவும்போது இரண்டாவது அல்லது மூன்றாவது திரையில் அது வந்து நிற்கும். ‘விரைவு நிறுவல் (பரிந்துரைக்கப்படுகிறது)’ என்ற வரி தடித்த எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே ‘தனிப்பயன்’ என்ற வரி, அழுத்தினால் வேலை செய்யாதோ என்று எண்ணும்படி சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும். அதைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டுமே, உலாவியின் தேடுபொறியை மாற்றவும் ஒரு டூல்பாரைச் சேர்க்கவும் முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டிகள் கண்ணில் படும். டிக்கை எடுத்துவிட்டால் எதுவும் சேராது என்பதால், ‘இது பயனரின் விருப்பம்’ என்று அந்த நிறுவனம் சொல்வதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. இத்தகைய நிரலைக் கண்டால் பாதுகாப்பு மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன: வைரஸுக்குச் சமமாக வைத்து நீக்குவது, கண்டுகொள்ளாமல் விடுவது, பயனரையே முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது, தனி வகையாகப் பிரித்து எச்சரிப்பது.

நீக்கிவிடலாம் என்ற முதல் வழிக்குச் சட்டத்தின் துணை ஓரளவு உண்டு. அமெரிக்காவின் சாங்கோ நிறுவனம், பாப்-அப் விளம்பரம் காட்டும் தன் நிரலை ஆன்டிவைரஸ் நிறுவனமான காஸ்பர்ஸ்கி தடுக்கிறது என்று வழக்குத் தொடுத்தது. ஆட்சேபத்துக்குரியது என்று தான் கருதும் ஒன்றைத் தடுக்கும் கருவியைத் தரும் நிறுவனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2009இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2006இல், பயனரின் முறையான சம்மதம் இல்லாமல் நிரலைப் பரப்பியதற்காக அதே சாங்கோ அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் 30 லட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டிருந்தது. இப்படிப்பட்டவற்றை நீக்குவதில் யாருக்கும் மனத்தாங்கல் இருக்கப்போவதில்லை. 2015இல் லெனோவோ மடிக்கணினிகளில் வெளிப்பட்ட சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரல் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு: விளம்பரம் புகுத்துவதற்காக எல்லாக் கணினிகளிலும் ஒரே மறைகுறிச் சாவியுடன் ஒரு மூலச் சான்றிதழை (எந்தத் தளம் உண்மையானது என்று கணினி நம்புவதற்கு அடிப்படையான சான்று) அது பதித்து வைத்திருந்தது. அந்தச் சாவி வெளியானதும், வங்கித் தளத்தைப் போல நடிக்க விரும்பும் எவருக்கும் வழி திறந்துவிட்டது. விண்டோஸுடனேயே வரும் மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர் அதைக் கேள்வி கேட்காமல் நீக்கியது சரியே. ஆனால் சூப்பர்ஃபிஷ் எவரிடமும் விருப்பம் கேட்டு வரவில்லை. டிக்கை எடுத்தால் விலகிக்கொள்ளும் டூல்பாரையும் அதையும் ஒரே சிவப்பு எச்சரிக்கையில் அடைத்தால், அந்தச் சிவப்புக்கே மதிப்புப் போய்விடும். தனக்கு வேண்டிய நிரலை இழந்த பயனர் அடுத்ததாக ஆன்டிவைரஸையே அணைத்து வைப்பார்.

இரண்டாவது வழியின் வாதம் எளிமையானது: பயனர் ‘சரி’ என்று அழுத்தினார், இலவசமாக எழுதித் தருபவருக்கும் வருமானம் வேண்டும், இடையில் ஆன்டிவைரஸுக்கு என்ன வேலை? வருமானம் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. அந்த வருமானம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் கோளாறு. கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒட்டு நிரல் ஒன்று ஒரு கணினியில் நிறுவப்பட்டால் அதற்குச் சுமார் 10 சென்ட் முதல் ஒன்றரை டாலர் வரை கொடுக்கப்பட்டது. தேவையற்ற மென்பொருள் குறித்து ஆபத்தான தளங்களையும் பதிவிறக்கங்களையும் பற்றி எச்சரிக்கும் கூகுளின் ‘சேஃப் பிரவுசிங்’ சேவை வாரத்துக்கு 6 கோடிக்கும் அதிகமான எச்சரிக்கைகளைக் காட்டியது. தீங்கு நிரல்களுக்கான எச்சரிக்கையைப் போல இது மூன்று மடங்கு. நிறுவலுக்கு இத்தனை என்று கூலி பேசிய இடத்தில், படித்துப் பார்த்து மறுக்கும் ஒவ்வொருவரும் நஷ்டக் கணக்கில் சேர்கிறார். சாம்பல் நிற எழுத்து அங்கே தற்செயலாக வரவில்லை.

எழுதியவருக்கே அந்தப் பணம் போகிறது என்பதும் எல்லா இடத்திலும் உண்மையன்று. 2011இல் டவுன்லோட்.காம் தளம் பிறருடைய நிரல்களைத் தன் சொந்த நிறுவியில் பொதிந்து, டூல்பாருடன் சேர்த்துக் கொடுத்தது. என்மேப் என்ற கணினி வலையமைப்புச் சோதனைக் கருவியை உருவாக்கிய கார்டன் லயன் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். திறமூல நிரல்களை வழங்கும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் 2013இல் ‘டெவ்ஷேர்’ என்ற பெயரில் நிரலாளர்களுக்குப் பங்கு தரும் திட்டமாகத் தொடங்கியது ஓரளவு நியாயமாகவே தோன்றியது. ஆனால், கிம்ப் படத்தொகுப்பி நிரலின் விண்டோஸ் பதிப்பைத் தயாரித்தவர்கள் அந்த ஆண்டே அங்கிருந்து வெளியேறிய பிறகும், அவர்கள் விட்டுச் சென்ற பக்கத்தைத் தளமே எடுத்துக்கொண்டு, விளம்பரம் ஒட்டிய நிறுவியை வைத்திருந்தது 2015இல் தெரியவந்தது. உழைத்தவருக்குக் காசும் இல்லை, கேள்வியும் இல்லை. 2016இல் தளம் கைமாறிய பின்புதான் புதிய உரிமையாளர் டெவ்ஷேரை நிறுத்தினார். ஆன்டிவைரஸ்கள் வாய் மூடி இருக்க வேண்டும் என்போர் இந்த ஒரு நிகழ்வுக்காவது பதில் சொல்லியாக வேண்டும்.

பயனரையே கேட்டுவிடலாம் என்ற மூன்றாவது வழி கண்ணியமானது. ஆன்டிவைரஸ் நிறுவனமான ஈசெட் தன் மென்பொருளை நிறுவும்போதே, தேவையற்றதாக இருக்கக்கூடிய நிரல்களைக் கண்டறியட்டுமா வேண்டாமா என்று கேட்கிறது. அதற்கு விடை சொல்லாமல் மேலே போக முடியாது. எனக்குள்ள ஒரே ஐயம், கேள்வி கேட்கப்படும் நேரத்தைப் பற்றியது. அந்த வகை நிரல் எப்படி இருக்கும் என்று ஒருமுறைகூடப் பார்த்திராதவரிடம், கண்ணுக்கு எட்டாத ஒன்றைப் பற்றிக் கேட்கிறோம். மைக்ரோசாஃப்ட் நடந்து வந்த பாதையும் இதையே காட்டுகிறது: இத்தகைய நிரல்களைத் தடுப்பதை 2015இல் நிறுவனங்களுக்கு மட்டும் இயக்கிக்கொள்ளும் வசதியாகத் தந்தது, 2020இல் எல்லோருடைய விண்டோஸ் 10 அமைப்புகளிலும் அதற்கான தெரிவை வைத்தது, 2021 ஆகஸ்டில் தானாகவே இயங்கும்படி மாற்றியது.

ஆகத் தனி வகை, இயல்பாகவே இயங்கும் எச்சரிக்கை என்ற நான்காவது வழிதான் எனக்கு ஏற்புடையது. ஆனால் அந்த வகைக்குள் எதைச் சேர்ப்பது என்பதில் இரு அளவுகோல்கள் மோதுகின்றன. தன் தயாரிப்பாளர் உருவாக்காத, அல்லது தான் இயங்கத் தேவைப்படாத வேறு மென்பொருளை நிறுவ முன்வருகிறதா என்று மைக்ரோசாஃப்ட் பார்க்கிறது. இதன்படி 2020இல், கணினியைத் துப்புரவாக்கும் நிரலான சிசிகிளீனரின் இலவசப் பதிப்புக்கான சில நிறுவிகள் சிக்கின. அவற்றோடு ஒட்டி வந்தவை கூகுள் குரோமும் அவாஸ்ட் ஆன்டிவைரஸும் போன்றவை. குரோமை விளம்பர நிரல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சிசிகிளீனரின் உரிமையாளர் அப்போது அவாஸ்டேதான். மற்ற அளவுகோல், மால்வேர்பைட்ஸ் போன்ற ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பின்பற்றுவது, நடத்தையைப் பார்க்கிறது: பெட்டியில் முன்பே டிக் இருந்ததா, மறுக்கும் வழி மறைக்கப்பட்டதா, நீக்கினால் முழுதாகப் போகிறதா. முதலாவது கணினிக்கு எளிது, யார் சோதித்தாலும் ஒரே விடை வரும். இரண்டாவதில் சோதிப்பவரின் மதிப்பீடு கலக்கும். இருந்தும் இரண்டாவதையே நான் ஆதரிக்கிறேன். எது ஒட்டி வருகிறது என்பதைவிடச் சம்மதம் எப்படிப் பெறப்பட்டது என்பதே பயனருக்கு நேர்ந்த தீங்கு. டிக் இல்லாத பெட்டியுடன், சம அளவுப் பொத்தான்களுடன் நேர்மையாகக் கேட்கும் சிறு நிரலாளரைத் தண்டிக்க எந்த முகாந்திரமும் இல்லை.

மதிப்பீடு கலக்கும் என்பது சிறிய குறையன்று. தீர்ப்புச் சொல்பவர்களும் இதே சந்தையில் கடை போட்டவர்கள். அடோபியின் ஃபிளாஷ் பிளேயரை இறக்கியவர்களுக்கு ஆன்டிவைரஸ் நிறுவனமான மெக்காஃபியின் பாதுகாப்புச் சோதனை நிரல், ஏற்கெனவே டிக் அடித்த பெட்டியாகவே கிடைத்து வந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி என்று எவராவது சொன்னால் மறுக்க வாயில்லை. மென்பொருள்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஆப்எஸ்டீம் போன்ற இடைநிலை அமைப்பு ஒரு மாற்று. ஆனால் அங்கே சான்றிதழுக்குக் கட்டணம் செலுத்துவதும் மென்பொருள் நிறுவனங்களே.

எச்சரிக்கையின் சொற்கள் இங்கே முக்கியமாகின்றன. 2016இல் மால்வேர்பைட்ஸ் தன் அளவுகோலை மாற்றி, போட்டியாளரான எனிக்மாவின் ஸ்பைஹன்டர் பாதுகாப்பு நிரலைத் தேவையற்றதாக இருக்கக்கூடியது என்று குறிக்கத் தொடங்கியதும் வழக்கு வந்தது. போட்டியாளரை ஒடுக்கும் நோக்கில் தடுத்தால் சாங்கோ வழக்கின் பாதுகாப்பு கிடைக்காது என்று அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் கூறியது. 2023இல் அது இன்னும் நுட்பமாகப் பிரித்தது: ‘தேவையற்றதாக இருக்கக்கூடும்’ என்பது கருத்து, ‘தீங்கானது’, ‘அச்சுறுத்தல்’ என்பவை மெய்யா பொய்யா என்று சோதிக்கக்கூடிய கூற்றுகள்.

இந்தப் பிரிவினை ஆன்டிவைரஸ் திரைக்கும் அப்படியே பொருந்தும். ‘அச்சுறுத்தல் கண்டறியப்பட்டது’ என்பதற்குப் பதிலாக, ‘இந்த நிறுவி ஒரு டூல்பாரையும் சேர்க்கக் கேட்கும், பெட்டியில் ஏற்கெனவே டிக் உள்ளது’ என்று எழுதலாம், நிறுவியை நிறுத்திவைத்து, தொடரவும் கைவிடவும் ஒரே அளவில் இரு பொத்தான்களைத் தரலாம். சிசிகிளீனருக்கு இருப்பதைப் போல ஒட்டு எதுவும் இல்லாத தனி நிறுவி கிடைக்குமானால், அதன் இணைப்பையும் அதே திரையில் கொடுத்துவிடலாம்.