டெட்ராய்ட் அஞ்சலட்டைக் கம்பெனியின் கண்ணாடி நெகட்டிவ்கள்

பழைய பட அஞ்சலட்டைகளில் ஆசை உள்ளவர்கள், அமெரிக்காவின் தேசிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையத்தில் வைத்திருக்கும் டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனி தொகுப்பை அவசியம் பாருங்கள். 25,000-க்கும் மேற்பட்ட, கண்ணாடித் தகட்டில் பதிந்த படங்கள். காசு கிடையாது. சின்ன ஜேபெக் (JPEG) படத்தோடு நின்றுவிடாமல், பெரிய டிஃப் (TIFF) படக் கோப்பையே இறக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். கடைப் பலகையின் எழுத்துகூடப் பளிச்சென்று தெரியும்.

வண்ணப் படங்கள் சில நூறுதான். அவற்றில் எனக்குப் பிடித்தது 1900 வாக்கில் எடுத்த நியூயார்க்கின் மல்பெரி தெரு. தள்ளுவண்டிகள், காய்கறிக் கூடைகள், கேமராவையே பார்க்கும் கூட்டம். ஆனால் அந்த நிறம் எதுவும் கேமராவில் பதிந்ததல்ல. கறுப்பு வெள்ளை நெகட்டிவை, ஒளிபட்டால் இறுகும் தார்ப்பூச்சு பூசிய சுண்ணாம்புக்கல்லில் பதித்து, நிறத்துக்கு ஒரு கல்லாக அச்சடித்தார்கள். ஒரு படத்துக்குக் குறைந்தது ஆறு கல்லாவது வேண்டும். ஒரு சால்வை சிவப்பா நீலமா என்பது அச்சுக்கூடத்தில் முடிவானது. எனக்கு அந்தக் கைகள் மேல்தான் பெரிய மரியாதை.

ஸ்விட்சர்லாந்தில் பிறந்த இந்த ஃபோட்டோக்ரோம் முறைக்கு அமெரிக்க உரிமை வாங்கியவர் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான வில்லியம் லிவிங்ஸ்டன். 1897-ல் வில்லியம் ஹென்றி ஜாக்சன் தன் ஆயிரக்கணக்கான நெகட்டிவ்களோடு கம்பெனியில் சேர்ந்தார். அமெரிக்க மேற்கின் யெல்லோஸ்டோன் பகுதியை 1871-லேயே படம் பிடித்தவர் அவர். அவர் சேர்ந்த மறு வருஷமே, 1898-ல், தனியார் அச்சடித்த அட்டைகளையும் ஒரு சென்ட் தபால்தலையில் அனுப்பலாம் என்று சட்டம் வந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்? வியாபாரம் உச்சத்தில் இருந்தபோது வருஷத்துக்கு 70 லட்சம் பிரதிகள் வரை போயின. முதல் உலகப் போரோடு சரிவு தொடங்கியது; 1924-ல் கடனில் மூழ்கி, 1932-ல் சொத்துகளும் விற்பனைக்கு வந்தன.

தேடும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். இங்கே இருப்பவை பெரும்பாலும் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே எடுத்தவை. மேற்குப் பக்கத்து நெகட்டிவ்கள் கொலராடோவுக்குப் போய்விட்டன. ஜாக்சனின் மலைகளைத் தேடுபவர்கள் அங்கேயும் பார்க்க வேண்டும். இன்னொன்று, பல படங்களுக்கு ‘1900-க்கும் 1910-க்கும் இடையில்’ என்பது போன்ற தோராயத் தேதிதான் இருக்கும். படத்தில் தெரியும் கட்டடம், டிராம், விளம்பரப் பலகையை வைத்து வருஷத்தை நீங்களே நெருங்கலாம். எனக்கு அதுவே இதில் பெரிய சுகம்.