கழுவி ஊற்றப்பட்ட படங்களைத் தேடிப் பார்ப்பவருக்கு எந்த ரேட்டிங் தளம் உதவும்?

பத்துக்கு நாலரை, ஐந்து என்று மதிப்பெண் வாங்கிய படங்கள் எனக்குப் பிடிக்கும். கூட்டமாக உட்கார்ந்து கிண்டலடிப்பதற்காக அவற்றைப் பார்ப்பதில்லை. விமர்சகர்கள் கழுவி ஊற்றி, பார்வையாளர்களும் கைவிட்ட படங்களில் பலவற்றை நிஜமாகவே ரசிக்கிறேன், சிலவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இப்படி ஒரு ரசனை உள்ளவருக்கு ராட்டன் டொமேட்டோஸ், ஐஎம்டிபி, லெட்டர்பாக்ஸ்டு மூன்றும் எந்த அளவுக்குப் பயன்படும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லோரும் பாராட்டிய படம் எது என்று தெரிந்துகொள்ள மூன்றில் எதைத் திறந்தாலும் போதும், அதைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு வேண்டியது வேறு. மதிப்பெண் குறைந்த படங்கள் மலை மாதிரிக் குவிந்து கிடக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை உண்மையிலேயே சலிப்பானவை, அந்தக் குவியலுக்குள் எனக்கான படங்களை எந்தத் தளம் காட்டிக் கொடுக்கும்?

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பேசினால் புரியும். வாச்சோவ்ஸ்கி சகோதரிகளின் 'ஜூபிடர் அசென்டிங்', 2015இல் வந்தது. வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு, இந்தப் பூமியே தனக்கு வரவேண்டிய சொத்து என்று தெரியவருகிற கதை. அவளைக் காப்பாற்ற வருகிறவன் ஓநாய் மரபணு கலந்த வீரன், காற்றில் சறுக்கிக்கொண்டே போகும் பூட்ஸ் போட்டிருக்கிறான். அவள் அரச வம்சம் என்பதைக் கண்டுபிடித்துச் சொல்பவை தேனீக்கள். வில்லனாக வரும் எடி ரெட்மெய்ன் படம் முழுக்க முணுமுணுத்துவிட்டுத் திடீரென்று அலறுகிறார். முந்தைய ஆண்டு ஆஸ்கர் வாங்கியவருக்கு இந்தப் படத்துக்காக மோசமான துணை நடிகர் என்று ராஸி, அதாவது மோசமான படங்களைக் கிண்டலடிக்கும் விருது, கொடுத்தார்கள். எனக்கு அந்த நடிப்பு ரொம்பப் பிடிக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து அலுத்துப்போன ஒருவன் நம்மைப் போல சாதாரணமாகவா பேசுவான்? அப்புறம் தன் உரிமையைப் பதிவு செய்ய அவள் வேற்றுக் கிரக அரசு அலுவலகத்தில் ஜன்னல் ஜன்னலாக அலைகிற காட்சி ஒன்று இருக்கிறது, அது ஒன்றுக்காகவே படத்தை மறுபடி போடலாம். காதல் வசனங்கள் மோசம், சிகாகோ வானத்தில் நடக்கும் துரத்தல் அளவுக்கு மீறி நீள்கிறது, கதை பாதி நேரம் யாராவது யாருக்காவது விளக்கிச் சொல்வதிலேயே போகிறது. இதெல்லாம் எனக்கும் தெரிகிறது. தெரிந்தும் பிடிக்கிறது. இந்தப் படம் என்னைப் போன்ற ஒருவரிடம் வந்து சேர மூன்று தளங்களும் என்ன செய்கின்றன என்று பார்ப்போம்.

முதலில் ராட்டன் டொமேட்டோஸ். 1998 முதல் இருக்கிறது, இன்று பட விளம்பரங்களிலேயே அதன் சதவீதத்தைப் போடுகிறார்கள். அந்தச் சதவீதம் என்ன சொல்கிறது என்பதில்தான் சிக்கல் முழுவதும். அது படத்துக்கான மார்க் இல்லை. விமர்சனம் எழுதியவர்களில் எத்தனை பேர் பிடித்தது என்ற பக்கம் நின்றார்கள் என்ற கணக்கு, அவ்வளவுதான். 60 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சிவப்புத் தக்காளி, கீழே போனால் பச்சையாகச் சிதறிய தக்காளி. அத்தனை பேரும் பரவாயில்லை, பத்துக்கு ஆறு என்று சொன்ன படம் 100 சதவீதம் வாங்கலாம். பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடி, மீதிப் பாதிப் பேர் கிழித்துத் தொங்கவிட்ட படம் 50இல் நின்று பச்சையாகிவிடும். நான் தேடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத்தான், அதனால் இந்தத் தளத்தின் முகப்பு எண் எனக்கு எந்த உதவியும் செய்வதில்லை. எண்ணைத் தொட்டால் உள்ளே பத்துக்கு எத்தனை என்ற சராசரி தெரியும், அதைப் பார்ப்பது கொஞ்சம் மேல்.

ஆனாலும் இந்தத் தளத்தை ஒதுக்கிவிட வேண்டாம். 'ஜூபிடர் அசென்டிங்' அங்கே 30 சதவீதத்துக்கும் கீழே இருக்கிறது. விமர்சனங்களோ இருநூறுக்கும் மேல். அப்படியென்றால் ஐம்பதுக்கும் அதிகமான விமர்சகர்கள் இதைப் பிடித்தது என்று எழுதியிருக்கிறார்கள்! விமர்சனப் பக்கத்தில் நல்ல தக்காளி வாங்கியவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதைச் செய்யுங்கள். எல்லோரும் ஏசும் படத்தைப் பாராட்டுகிறவர் பொதுவாகத் தன் கட்சியை நிறுவக் கஷ்டப்பட்டு எழுதுவார், எந்தக் காட்சி, எந்த நடிகர், என்ன துணிச்சல் என்று விவரமாகச் சொல்வார். அதில் இரண்டைப் படித்தாலே படம் நமக்கா இல்லையா என்று தெரிந்துவிடும். எதிர்மறை விமர்சனங்களையும் இதே கண்ணோடு படிக்கலாம். 'அபத்தம், அளவுக்கு மீறிய ஆடம்பரம், இயக்குநர் கட்டுப்பாடே இல்லாமல் எடுத்திருக்கிறார்' என்று திட்டியிருந்தால் நான் உடனே பட்டியலில் சேர்த்துவிடுவேன். 'வழக்கமானது, சோம்பலாக எடுக்கப்பட்டது' என்றிருந்தால் தொடமாட்டேன்.

பார்வையாளர் மதிப்பெண்ணுக்குப் பாப்கார்ன்மீட்டர் என்று 2024இல் பெயர் வைத்தார்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரமோ அதற்கு மேலோ கொடுத்தவர்களின் சதவீதம் அது. மூன்று நட்சத்திரம் கொடுத்தவர் பிடிக்காதவர் கணக்கில் போய்விடுகிறார். குறையுள்ள ஒரு படத்தை மனதார ரசித்த ஆள் எவ்வளவு கொடுப்பார்? மூன்றுதானே! டிக்கெட் வாங்கியது உறுதியானவர்களின் மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டும் முறையை 2019இல் கொண்டுவந்தார்கள், படம் வெளிவரும் முன்பே வெறுப்பில் குத்தித் தள்ளுகிறவர்களைத் தடுக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் இந்த மாதிரிப் படங்களுக்கு ரசிகர்கள் சேர்வதே தியேட்டரை விட்டுப் போய்ப் பல வருடம் கழித்து, வீட்டில் இருந்து பார்க்கும்போதுதான். அவர்கள் அந்த எண்ணுக்குள் வருவதே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பழைய படங்களின் சதவீதத்தைப் பார்க்கும்போது எப்போது எழுதிய விமர்சனங்கள் என்று தேதியைப் பாருங்கள். ஜான் கார்பென்டரின் 'தி திங்' 1982 ஜூன் 25 அன்று வெளியானது. 'தி திங்' படத்தை அன்றைய விமர்சகர்கள் அருவருப்பு என்று தள்ளினார்கள், எனியோ மோரிகோனின் இசைக்கு மோசமான இசைக்கான ராஸி பரிந்துரை வேறு. இன்று அதே படம் ராட்டன் டொமேட்டோஸில் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது, காரணம் பின்னாளில் எழுதப்பட்ட விமர்சனங்களும் அதே கணக்கில் சேர்ந்திருப்பதுதான். அதனால் போன மாதம் வந்த படத்தின் 35 சதவீதத்தையும் நாற்பது வருடப் பழைய படத்தின் 85 சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் எந்த அர்த்தமும் இல்லை. முன்னது அந்த ஒரு வாரத்தின் மனநிலை மட்டும்.

ஐஎம்டிபி வேறு மாதிரி. 1990இல் ஆரம்பித்தது, 1998இல் அமேசான் வாங்கியது. இங்கே யாரும் பத்துக்கு இத்தனை என்று போடலாம். மேலே தெரியும் எண் சாதாரண சராசரி இல்லை, ஓட்டுகளுக்கு வெவ்வேறு எடை கொடுத்துக் கணக்கிட்டது, எப்படி என்று அவர்கள் வெளியே சொல்வதில்லை. முறைகேடாக ஓட்டுப் போடுகிறவர்களைத் தடுக்க அப்படி வைத்திருக்கிறார்கள், அது நியாயமே. எனக்கு அந்த எண்ணைவிட முக்கியம் அதைத் தொட்டால் திறக்கும் வரைபடம். ஒன்று முதல் பத்து வரை எத்தனை பேர் எதைக் கொடுத்தார்கள் என்று பட்டைகள் வரும். ஐந்தில் மட்டும் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்தால் சலிப்பான படம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஏழிலும் எட்டிலும் எதிர்பாராத தடிமன் இருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. பத்தையும் ஒன்றையும் கண்டுகொள்வதே இல்லை, ஆத்திரமும் விசுவாசமும் அங்கேதான் போய்ச் சேரும். அதே மாதிரி ரசிகர் விமர்சனங்களில் ஏழு நட்சத்திரம் கொடுத்தவற்றை மட்டும் பிரித்துப் படியுங்கள். மொத்த மதிப்பெண் ஐந்தாக இருக்கும் படத்துக்கு ஏழு கொடுக்கிறவர் படத்தின் ஓட்டையையும் ஒப்புக்கொள்வார், அது ஏன் தன்னை உறுத்தவில்லை என்றும் சொல்வார். எனக்கு இதைவிடப் பயனுள்ள விமர்சன வகை கிடையாது.

ஐஎம்டிபியின் விரிவான தேடலைப் பலரும் தொடுவதே இல்லை, அதுதான் அதன் பெரிய பலம். வகை, ஆண்டு, மதிப்பெண் எதிலிருந்து எதுவரை, குறைந்தது எத்தனை ஓட்டு என்று எல்லாம் கொடுத்துத் தேடலாம். திகில் என்று வைத்து 4.5 முதல் 5.8 வரை, ஓட்டு பத்தாயிரத்துக்கு மேல் என்று போட்டுப் பாருங்கள். திகில் படங்களுக்குப் பொதுவாகவே அங்கே மதிப்பெண் கிள்ளித்தான் கிடைக்கும், பயப்படாதவர்கள் குறைப்பார்கள், பயந்தவர்களில் சிலரும் குறைப்பார்கள். அந்த வகையை விரும்புகிறவர்களுக்கு 5.6 என்பது நல்ல எண். நகைச்சுவைக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

மெட்டாகிரிட்டிக் என்ற இன்னொரு தளம் பற்றி ஒரு வரி போதும். விமர்சகர்களின் மதிப்பெண்ணைச் சராசரியாக்குவதால் எவ்வளவு தீவிரமாக வெறுத்தார்கள் என்பது ராட்டன் டொமேட்டோஸைவிட நன்றாகத் தெரியும். சினிமாஸ்கோர் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், 1979இலிருந்து படம் வெளியாகும் முதல் நாளிலேயே தியேட்டரில் பார்த்தவர்களிடம் கேட்டு ஏ பிளஸ் முதல் எஃப் வரை கிரேடு கொடுக்கிறார்கள். 2002இல் வந்த 'சோலாரிஸ்', 2017இல் வந்த 'மதர்!' இரண்டுக்கும் எஃப். ஜார்ஜ் க்ளூனியின் விண்வெளிப் படம் என்றும், ஜெனிஃபர் லாரன்ஸின் திகில் படம் என்றும் நினைத்து வந்தவர்களுக்கு வேறொன்று கிடைத்தது, அந்த ஏமாற்றத்தின் அளவுதான் அந்த எஃப். என்ன படம் என்று தெரிந்துகொண்டு உட்காருகிறவருக்கு அந்த ஏமாற்றம் கிடையாது. எஃப் வாங்கிய படம் என்று கேள்விப்பட்டால் நான் முதலில் விசாரிப்பது அதை எப்படி விளம்பரம் செய்தார்கள் என்றுதான்.

இப்போது லெட்டர்பாக்ஸ்டு. நியூசிலாந்தில் 2011இல் தொடங்கிய தளம், மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது. காரணம் ஒரு சின்ன வடிவமைப்பு முடிவு. அரை நட்சத்திரத்தில் தொடங்கி ஐந்து வரை மதிப்பெண் கொடுக்கலாம், அதிலிருந்து முற்றிலும் தனியாக ஓர் இதயக் குறியும் கொடுக்கலாம். படம் எப்படி எடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் எனக்குப் பிடித்ததா என்பதும் இரண்டு கேள்விகள் என்று ஒத்துக்கொண்டு அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்! 'ஜூபிடர் அசென்டிங்'குக்கு நான் இரண்டரை நட்சத்திரமும் ஓர் இதயமும் கொடுத்திருக்கிறேன். மற்ற தளங்களில் ஒரே எண்ணுக்குள் இரண்டையும் திணிக்க வேண்டும், நேர்மையாகப் போட்டால் பிடித்தது தெரியாது, பிடித்ததைக் காட்டினால் படம் பிரமாதம் என்று பொய் சொன்னது போல ஆகும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

தேடுவதற்கும் இதுதான் வசதி. படத்தின் பக்கத்தில் நட்சத்திரப் பட்டைகள் இருக்கும், நான்கு என்ற பட்டையைத் தொட்டால் நான்கு கொடுத்தவர்களின் பட்டியல் வரும். ஒருவரின் பக்கத்துக்குப் போனால் அவருக்குப் பிடித்த நான்கு படங்கள் முகப்பிலேயே இருக்கும். அந்த நான்கில் ஒன்று உலகமே கொண்டாடும் கலைப்படமாகவும் இன்னொன்று எல்லோரும் திட்டிய படமாகவும் இருந்தால் அவரைப் பின்தொடருங்கள், நிச்சயம் பலன் உண்டு. இது என் அனுபவம் மட்டும் இல்லை. ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், குப்பைப் படங்கள் என்று சொல்லப்படுபவற்றை விரும்பிப் பார்ப்பவர்கள் சராசரியைவிட அதிகம் படித்தவர்கள், கலைப்படங்களையும் அதே ஆர்வத்தோடு பார்ப்பவர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ரசனை கெட்டவர்கள்தான் இதையெல்லாம் பார்ப்பார்கள் என்று சொல்கிறவர்களுக்கு அந்த ஆய்வைக் காட்டலாம்.

குறை இல்லாமல் இல்லை. பிரபலமான விமர்சனங்கள் என்று முதலில் வருபவை பெரும்பாலும் ஒரு வரி நக்கல்கள், கேலிக்கு ஆளான படம் என்றால் பக்கம் முழுக்க அதுதான். யார் நன்றாகக் கலாய்த்தார்கள் என்ற போட்டியில் படத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. எனக்கு அந்தக் கேலிக் கூட்டம் பிடிப்பதில்லை. யாரோ இருநூறு பேர் மாதக்கணக்கில் உழைத்து, தைரியமாக ஒன்றை முயன்று, அது பாதி கைகூடாமல் போயிருக்கும், அதில் கைகூடிய மீதியைப் பார்க்கும் பொறுமை வேண்டாமா? எனவே அங்கே போனதும் வரிசையை மாற்றுங்கள், மதிப்பெண் அதிகமானது முதலில் வரும்படி வைத்துவிட்டு, ஒரு பத்தியாவது எழுதியிருப்பவற்றை மட்டும் படியுங்கள். சராசரியையும் அப்படியே நம்ப வேண்டாம், அங்கே கூடுகிறவர்கள் தீவிர சினிமா ரசிகர்கள், ஜனரஞ்சகமான அதிரடிப் படங்களுக்கு அவர்கள் கை சுருங்கும்.

நான் செய்யும் வரிசை இதுதான்: ஐஎம்டிபியில் வகையும் மதிப்பெண் எல்லையும் வைத்துத் தேடுவேன், கண்ணில் பட்டதன் நல்ல விமர்சனங்களை ராட்டன் டொமேட்டோஸில் படிப்பேன், பார்த்து முடித்ததும் லெட்டர்பாக்ஸ்டில் நட்சத்திரமும் இதயமும் போட்டுவிட்டு அதே படத்துக்கு இதயம் கொடுத்த மற்றவர்களின் பட்டியலைத் திறப்பேன். அடுத்த படம் பெரும்பாலும் அவர்களில் ஒருவரின் பக்கத்திலிருந்துதான் வருகிறது. மூன்றிலும் இலவசக் கணக்கே இதற்குப் போதும், லெட்டர்பாக்ஸ்டில் உள்ள கட்டணச் சந்தா இந்த வேலைக்குத் தேவையே இல்லை.