எப்ஸ்டீனின் ஐன்ஸ்டீன்: ஏலத்துக்கு முன் நேரில் பார்த்தது

லண்டனில் ஏலக்கூடங்கள் ஏலத்துக்குச் சில நாள் முன்பே பொருட்களைப் பார்வைக்கு வைப்பார்கள், யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், காசு கிடையாது. வாங்கும் வசதி இல்லாதவன் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்ற தயக்கத்திலேயே பல வருடம் போகாமல் இருந்தேன். இந்த முறை கேட்டலாக்கில் சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீன் செய்த ஐன்ஸ்டீன் மார்பளவுச் சிலை, வெண்கலம், என்று பார்த்ததும் கிளம்பிவிட்டேன்.

முதலில் சிலையைப் பற்றி. படங்களில் பெரிதாகத் தெரியும், நேரில் அரை மீட்டருக்கும் குறைவான உயரம்தான். ஆனால் இரண்டடி தூரத்தில் நின்றால் அளவு மறந்துவிடுகிறது. மேற்பரப்பு முழுக்கக் கரடுமுரடு. எப்ஸ்டீன் களிமண்ணைச் சின்னச் சின்ன உருண்டைகளாக அப்பி அப்பித்தான் முகத்தைக் கட்டுவார், அந்த உருண்டைகளும் விரல் அழுத்திய பள்ளங்களும் அப்படியே வெண்கலத்தில் இருக்கின்றன. தலைமுடி காற்றில் பறக்கிறது. நெற்றிச் சுருக்கங்களுக்குக் கீழே கண்கள் மட்டும் அவ்வளவு கனிவு, கொஞ்சம் குறும்பு, கூடவே களைப்பு. பாடப்புத்தகத்தில் பார்த்துப் பழகிய முகம் இது இல்லை.

அந்தக் களைப்புக்குக் காரணம் இருக்கிறது. 1933 செப்டம்பரில் செய்தது இது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஐன்ஸ்டீன் ஜெர்மனிக்குத் திரும்பாமல் பெல்ஜியக் கடற்கரையில் தங்கியிருந்தார். ஆகஸ்ட் கடைசியில் தியோடர் லெஸ்ஸிங் என்ற யூதரான தத்துவப் பேராசிரியரை நாஜிகள் செக்கோஸ்லோவாக்கியாவில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த குறி ஐன்ஸ்டீன்தான் என்ற பேச்சு எழுந்தது, அவர் இங்கிலாந்துக்கு வந்துவிட்டார். ஆலிவர் லாக்கர்-லாம்ப்சன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் நார்ஃபோக்கில் குரோமர் ஊருக்குப் பக்கத்தில் ரஃப்டன் ஹீத் என்ற பொட்டல்வெளியில் ஒரு மரக்குடிலில் அவரைத் தங்கவைத்து, வெளியே துப்பாக்கியோடு காவலும் போட்டார். அந்தக் குடிலுக்குத்தான் எப்ஸ்டீன் களிமண்ணோடு போனார். உள்ளே ஒரு பியானோ வேறு இடத்தை அடைத்துக்கொண்டிருக்க, வெளிச்சம் போதாமல் கதவையே கழற்றச் சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் இரண்டு மணி நேரம், சுமார் ஒரு வாரம், அவ்வளவுதான் கிடைத்த நேரம். முதல் நாள் ஐன்ஸ்டீனின் பைப் புகையில் முகமே தெரியவில்லையாம், மறுநாளிலிருந்து இடைவேளையில் மட்டும் புகைக்கும்படி கேட்டுக்கொண்டாராம். இதெல்லாம் எப்ஸ்டீனே எழுதி வைத்தவை. டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் வயதான சாயலை ஐன்ஸ்டீன் முகத்தில் கண்டதாகவும் சொல்லியிருக்கிறார், அது எனக்கு நேரில் பார்த்தபோதுதான் புரிந்தது.

இன்னும் நேரம் கிடைத்திருந்தால் எப்ஸ்டீன் வேலையைத் தொடர்ந்திருப்பார். அதற்குள் ஐன்ஸ்டீன் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. அக்டோபர் 3 அன்று லண்டன் ஆல்பர்ட் ஹாலில் பேசினார், 7ஆம் தேதி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார், அதன்பின் ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. வழவழப்பாக முடிக்காமல் விட்டதால்தான் இந்தச் சிலை இவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எப்ஸ்டீன் 1926இல் தாகூரையும் செய்திருக்கிறார், அப்புறம் நேருவையும். அவர் செய்த தலைகளில் எனக்கு இதுதான் முதலிடம்.

சரி, ஏலக்கூடத்தைப் பற்றி. வரவேற்பில் யாரும் எதுவும் கேட்கவில்லை, பை மட்டும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். குறை என்று பார்த்தால் பெரிய குறை வெளிச்சம். சிலையைத் தாழ்வான மேஜையில் வைத்து மேலிருந்து ஒரே சீரான வெள்ளை விளக்கைப் போட்டிருந்தார்கள், பள்ளமும் மேடும் எல்லாம் தட்டையாகத் தெரிந்தன. இது பக்கவாட்டு வெளிச்சத்துக்காகவே பிறந்த முகம். அங்கிருந்த ஒரு இளம் ஊழியரிடம் சொன்னேன். முகம் சுளிக்காமல் கைவிளக்கு ஒன்றை எடுத்து வந்து பக்கத்திலிருந்து பிடித்தார், ஒரே நொடியில் சிலையிலிருந்த ஐன்ஸ்டீன் ஆளே மாறிவிட்டார். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் இன்னொரு முறை போவேன். கையுறை கொடுத்து, சாய்த்துக் காட்டி, உட்புறத்தையும் பார்க்கவிட்டார். நான் வாங்கப்போவதில்லை என்று சொன்ன பிறகும் அவர் பேச்சில் மரியாதை குறையவில்லை.

இரண்டாவது குறை கொஞ்சம் தீவிரமானது. கேட்டலாக்கில் '1933' என்று மட்டும் போட்டிருந்தார்கள். அது களிமண்ணில் உருவம் செய்த வருடம். கண்முன் இருக்கும் வெண்கலம் எப்போது, எந்தப் பட்டறையில் வார்த்தது என்று ஒரு வரி இல்லை. களிமண் உருவத்திலிருந்து அச்சு எடுத்து, மெழுகுப் பிரதி செய்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் வெண்கலத்தை ஊற்றுகிறார்கள். ஆகவே ஒரே உருவத்துக்குப் பல வார்ப்புகள் வர முடியும். இதற்கும் பல உண்டு, டேட் அருங்காட்சியகத்திலும் ஒன்று இருக்கிறது. சிற்பி உயிரோடு இருந்தபோது அவர் கண்பார்வையில் வார்த்ததற்கும், பிற்பாடு வார்த்ததற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கலாம். எப்ஸ்டீன் 1959இல் இறந்தார். அதனால் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் கையைத் தூக்காதீர்கள். எழுத்தில் கேட்டால் கண்டிஷன் ரிப்போர்ட், அதாவது பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்ற அறிக்கை, அனுப்புகிறார்கள். எனக்கு மறுநாளே வந்தது, ஆனால் வார்ப்பு வருடம் அதிலும் இல்லை.

வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் கவனிக்க இன்னும் சில. மேலே இருக்கும் பழுப்பு நிறம் ரசாயனமும் சூடும் கொடுத்து வரவழைத்தது, யாராவது பித்தளைப் பாத்திரம் மாதிரி தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் விட்டுவிடுங்கள். தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், வெண்கலத்தூள் கலந்த ரெசின் (செயற்கைப் பிசின்) என்றால் அப்படி இருக்காது. கீறல் விழுந்த இடத்தில் சாம்பல் நிறம் தெரிந்தால் அது வெண்கலம் இல்லை, துத்தநாகக் கலவை. கையெழுத்து, பட்டறை முத்திரை, இதற்கு முன் யார் யாரிடம் இருந்தது என்ற காகிதங்கள், எல்லாவற்றையும் பாருங்கள்.

பணக்கணக்கையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். ஏலத்தில் விழும் விலை கடைசி விலை இல்லை. புரியும்படி 10,000 பவுண்டுக்கு விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். நான் போன இடத்தில் வாங்குபவர் கமிஷன் 26 சதவீதம், அது 2,600. அந்தக் கமிஷன் மேல் 20 சதவீத வாட் வரி, 520. சிற்பி இறந்து 70 வருடம் ஆகாததால் மறுவிற்பனை ராயல்டி (படைப்பு மறுபடி விற்கும்போது சிற்பியின் வாரிசுகளுக்குப் போகும் பங்கு) என்று 4 சதவீதம், 400, அதையும் வாங்குபவர் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். மொத்தம் 13,520. வீட்டுக்குக் கொண்டுவரும் செலவும் காப்பீடும் தனி. இந்த விவரம் எல்லாம் அவர்களின் விதிமுறைப் பக்கத்தில் தெளிவாகவே இருக்கிறது, மறைக்கவில்லை.

என் மதிப்பெண்: சிலைக்கு ஐந்துக்கு ஐந்து. ஊழியர்களுக்கு நாலரை. கேட்டலாக்குக்கு இரண்டுதான், அதைக் கருத்துப் படிவத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பார்வை நாட்களில் காலையில் திறந்ததும் போனால் கூட்டம் இருக்காது, ஊழியர்களும் நின்று பேசுவார்கள். கைவிளக்கு கேட்கக் கூச்சப்படாதீர்கள்.