பெருமாள்மலையில் மூன்று நாள் பட்டினி

கொடைக்கானல் போகும் வழியில், பெருமாள்மலைக்குச் சற்றுத் தள்ளி ஒரு தங்கும் விடுதியில் மூன்று நாள் நோன்பு முகாம் நடத்துகிறார்கள். கட்டணம் 7,500 ரூபாய். சோறு போடாமல் இருக்க இவ்வளவு பணமா என்று வத்தலக்குண்டில் பஸ் ஏறும்போதே தங்கை கேட்டாள். நான் 31 ஆண்டுகள் விலங்கியல் பாடம் நடத்தியவள். செல் தன் பழுதான பாகங்களைத் தானே அரித்து மறுபடி பயன்படுத்திக்கொள்வதைக் குறிக்கும் 'ஆட்டோஃபேஜி' என்ற சொல்லைத் துண்டறிக்கையில் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிட்டேன்.

அறை சுத்தம். போர்வைதான் போதவில்லை, இன்னொன்று கேட்டு வாங்கினேன். இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரை எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் தருகிறார்கள்.

என் வழக்கு வகுப்போடுதான். முதல் நாள் மாலை ஓர் இளைஞர் படம் போட்டு விளக்கினார். "36 மணி நேரம் தாண்டினால் பழைய செல்கள் எல்லாம் கழிவாக வெளியேறிவிடும்" என்றார். தம்பி, வெளியே போகாததுதானே இதன் அழகே என்று சொல்ல நாக்கு துடித்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒன்று பழுதானால், அதைச் சுற்றி இரட்டைச் சவ்வு வளர்ந்து பையாக மூடிக்கொள்கிறது. அந்தப் பை, செல்லின் செரிமானப் பையான லைசோசோமோடு இணைய, அங்குள்ள நொதிகள் எல்லாவற்றையும் அரித்து அமினோ அமிலமாகவும் கொழுப்பு அமிலமாகவும் அதே செல்லுக்குத் திருப்பித் தருகின்றன. எதைப் பிடிப்பது என்பதற்கும் அடையாளம் உண்டு. பிங்க்1 என்ற புரதம் பழுதானதன் மேல் சேரும், பார்க்கின் என்ற இன்னொரு புரதம் வந்து முத்திரை குத்தும். இவற்றின் மரபணு கெட்டால் இளவயதிலேயே பார்க்கின்சன் நோய் வரலாம். வயிறாரச் சாப்பிடும் நாளிலும் இந்த வேலை நிதானமாக நடக்கிறது. பட்டினி அதை முடுக்கிவிடுகிறது.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது, சமையல்கட்டு வாசலில் ஓர் அம்மா முழங்கை கிழிந்த ஸ்வெட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தார். சுருள்சுருளாக வந்த நூலை நாற்காலி முதுகில் சுற்றினார். நனைத்துக் காயவைத்தால் நேராகிவிடுமாம், பேரனுக்குக் குல்லாய் பின்ன வேண்டுமாம். படத்தை அணைத்துவிட்டு எங்களை அங்கே உட்கார வைத்திருக்கலாம்.

நோபல் பேச்சும் வந்தது. இந்த ஆய்வுக்காக 2016இல் ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி வாங்கினார், சரிதான். ஆனால் அவர் பட்டினி போட்டது ஈஸ்ட்டை! செரிக்கும் நொதிகள் குறைந்த ஈஸ்ட்டாகப் பார்த்து எடுத்ததால், உள்ளே போன பைகள் அரிபடாமல், ஈஸ்ட்டில் லைசோசோமின் வேலையைச் செய்யும் நுண்குமிழில் குவிந்தன; நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரிந்தன. அதிலிருந்து நமக்கு 36 மணிக் கணக்கு எப்படி வரும்? நானும் யோக்கியம் இல்லை. ஆட்டோஃபேஜி என்று பெல்ஜிய விஞ்ஞானி டி டுவே பெயர் வைத்தது 1963இல். நானோ ஓய்வு பெறும் வரை லைசோசோமைத் 'தற்கொலைப் பை' என்று ஒரு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்ய வைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் நடந்ததை மன்னிக்க முடியாது. பக்கத்து அறைப் பெரியவர் வழக்கம்போலக் காலையில் சர்க்கரை மாத்திரை போட்டிருக்கிறார், வயிற்றில் ஒன்றும் இல்லை. பதினொரு மணிக்குச் சட்டை நனைய வேர்த்து, கை நடுங்கிச் சரிந்தார். ஸ்வெட்டர் பிரித்த அந்த அம்மாதான் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வந்தார். சேரும்போது நிரப்பிய படிவத்தில் வாகன எண் வரை கேட்டிருந்தார்கள், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கஞ்சியும் மலைவாழைப்பழமும் அருமை. படிவத்தில் அந்தக் கேள்வியைச் சேர்க்கும் வரை யாரையும் அங்கே அனுப்ப மாட்டேன்.