உள்பக்கப் படத்தை நம்பி வாங்கிய பழைய பெட்ரோல் பம்பு: ஓர் எச்சரிக்கை

பழைய பெட்ரோல் பம்புகளை வாங்கிப் புதுப்பிக்க விரும்புவோர், குறிப்பாக முதல் பம்பைத் தேடிக்கொண்டிருப்போர், விலை பேசுவதற்கு முன் படித்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். "எல்லா உறுப்புகளும் இருக்கின்றன, பெயிண்ட் அடித்தால் போதும்" என்று ஒருவர் சொன்னதை நம்பி நான் வாங்கிய, டோக்ஹைம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 39 வகைப் பம்பின் உள்ளே பாதி இயந்திரம் இல்லை. விற்றவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் என்னை ஏமாற்றிய விதத்தைத்தான் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை வேறு எவரும் செய்யலாம்.

அவர் அனுப்பியவை நான்கு படங்கள். மூன்றில் கதவுகள் மூடியிருந்தன. நான்காவது, நான் வற்புறுத்திக் கேட்டதன்பேரில் வந்த உள்பக்கப் படம். அதில் மோட்டார், பம்பு, மீட்டர், மேலே லிட்டர் கணக்கும் பணக் கணக்கும் காட்டும் எண்சக்கரப் பெட்டி (நம்மவர்கள் கம்ப்யூட்டர் என்றே சொல்லும் அந்தப் பற்சக்கரப் பொறி) எல்லாம் ஒழுங்காக இருந்தன. லிட்டர் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அமெரிக்கப் பம்பு என்பதால் அது கேலன். படத்தைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது, அதை மற்ற மூன்று படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பம்பு வந்து சேர்ந்து கதவைக் கழற்றியபோது, மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு போல்ட் துளைகள் மட்டுமே இருந்தன. மீட்டர் இல்லை. மீட்டரின் சுழற்சியைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றும் செங்குத்துத் தண்டும் இல்லை. முகப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எண்கள் தெரிந்தன. ஆனால் அவை ஒரு கம்பியில் கோத்து நிறுத்திய வெறும் சக்கரங்கள், பின்னால் ஒரு பற்சக்கரம்கூட இல்லை. கதவைத் திறக்காத எவருக்கும் பம்பு முழுமையானதாகத் தோன்ற வேண்டும் என்றே அவற்றை அப்படி நிறுத்தியிருக்கிறார்கள். பிறகுதான் அந்த நான்காவது படத்தை மீண்டும் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்திலிருந்த சட்டத்தின் இடப்பக்கத் தூணில், கீழிருந்து ஏறத்தாழ ஒரு முழ உயரத்தில், வெல்டிங் வைத்து ஒட்டிய தழும்பு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. என்னிடம் வந்த பம்பின் தூணில் அப்படி எதுவும் இல்லை. அது வேறொரு பம்பின் உள்பக்கம்.

1920களின் பம்பாக இருந்தால் இந்த ஏமாற்று இவ்வளவு எளிதாக இருந்திருக்காது. அக்காலத்துப் பம்புகளில் உச்சியில் கண்ணாடி உருளை இருக்கும். நெம்புகோலை ஆட்டி எரிபொருளை அதில் ஏற்றி, கேலன் குறிகளைப் பார்த்து, குழாய் வழியே தன்னெடையால் வண்டிக்குள் இறக்குவார்கள். அதில் உருளையோ நெம்புகோலோ இல்லையென்றால் தெருவில் போகிறவருக்கும் தெரியும். 1930களில் விலையைத் தானே கணக்கிட்டுக் காட்டும் பம்புகள் வந்தபின், மதிப்புள்ளவை எல்லாம் தகட்டுக் கதவுகளுக்குப் பின்னால் போய்விட்டன. கதவும் முகப்பும் உச்சிக் குடுவையும் (பெட்ரோல் நிறுவனத்தின் பெயரோடு ஒளிரும் விளக்கு) பளபளவென்று இருந்தால் நம் கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

முறையிட்டபோது அவர் கோபப்படவில்லை, மிகவும் பணிவாக, "விடுபட்டவற்றை அனுப்பிவைக்கிறேன்" என்றார். என்னென்ன விடுபட்டன என்று என்னையே பட்டியல் எழுதச் சொன்னார். எனக்கு அப்போது தெரிந்தவை பெரிய உறுப்புகள் மட்டுமே, அவற்றை மட்டும் எழுதினேன். அவர் அனுப்பிய கம்ப்யூட்டர் பெட்டி வீடர்-ரூட் நிறுவனத்துடையது. அந்நிறுவனம் பல பம்புத் தயாரிப்பாளர்களுக்கும் இதே பொறியைச் செய்து கொடுத்ததால் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் தாங்கும் துளைகள் என் சட்டத்தோடு பொருந்தவில்லை. அதோடு, ஒரு கேலன் விலையைக் குறிக்கும் சக்கரங்கள் ஒரு டாலருக்கு மேலும் காட்டும்படி அமைந்திருந்தன. பழைய பொறிகள் ஒரு டாலருக்குக் கீழேயே நின்றுவிடும். அதனால்தான் 1979இல் அமெரிக்காவில் விலை ஏறியபோது, பாதி விலையைப் பொறியில் வைத்து, வந்த தொகையை இரட்டிப்பாக்கி வாங்கிய நிலையங்கள் இருந்தன. ஆக, எனக்கு வந்தது என் பம்பைவிடப் பல பத்தாண்டுகள் இளைய பெட்டி. மீட்டரோ வேய்ன் என்ற வேறொரு நிறுவனத்தின் பம்பினுடையது. கேட்டதற்கு, "டோக்ஹைமும் வேய்னும் ஃபோர்ட் வேய்ன் என்ற ஒரே ஊரில் செய்யப்பட்டவைதானே, பொருந்தும்" என்றார். இரண்டும் ஒரே ஊர் என்பது உண்மைதான், அதற்காக ஒன்றின் மீட்டர் மற்றொன்றில் உட்கார்ந்துவிடாது.

அதன்பிறகுதான் துளைகளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். சட்டத்தில் உள்ள ஒவ்வொரு துளையும் ஏதோ ஓர் உறுப்புக்காகப் போடப்பட்டது. எந்த உறுப்பு என்று சொல்ல முடியாத துளை இருந்தால், அங்கே ஒன்று குறைகிறது, அல்லது பின்னால் யாரோ துளைத்திருக்கிறார்கள். மரை துருவேறி அடைத்திருந்தால் அங்கிருந்த உறுப்பு போய் நெடுநாள் ஆகியிருக்கும். மரை சுத்தமாக இருந்து, சுற்றிலும் உறுப்பின் வடிவத்தில் பழைய பெயிண்ட் வெளிறாமல் இருந்தால், அண்மையில் கழற்றி விற்றிருக்கிறார்கள். என் மோட்டார்த் துளைகள் இரண்டாம் வகை. உச்சியில் குடுவையைத் தாங்கும் வளையத்தின் துளைகளோ பெயிண்டைக் கிழித்துக்கொண்டு பளபளத்தன. அந்தக் கூரையில் குடுவையே இருந்ததில்லை, விற்பதற்காகப் பொருத்தியிருக்கிறார்கள். குடுவையின் உடல் பிளாஸ்டிக் என்பதால் மட்டும் அதைப் போலி என்று சொல்ல முடியாது, அக்காலத்திலேயே பிளாஸ்டிக் உடல்கள் வந்துவிட்டன, துளைகள்தான் காட்டிக்கொடுத்தன.

பெரியவற்றைவிடச் சிறியவையே இப்போது என்னை அலைக்கழிக்கின்றன. முகப்புக் கண்ணாடியை இறுக்கும் பட்டைகள், கதவோரத்துத் துருவேறா எஃகு விளிம்புகள், எண்களைச் சுழியத்துக்குத் திருப்பும் கைப்பிடி, நாசில் தொங்கும் கொக்கியோடு இணைந்த சுவிட்ச் நெம்புகோல் ஆகியவை என் பட்டியலில் இல்லவே இல்லை, ஏனென்றால் அவை இருக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. தொழிற்சாலை வெளியிட்ட உறுப்புப் பட்டியலின் மறுபதிப்பு ஒன்று கிடைத்த பிறகே, பிரித்துக் காட்டிய வரைபடத்தை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அதை வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். அதிலும் 39 வகையில் உயரமானதும் குட்டையானதும் உண்டு. உயரத்தை அளக்காமல் தண்டோ பக்கத் தகடோ தேடினால் இன்னொரு முறை பணம் போகும். வார்ப்பு உறுப்புகளில் எண் பொறித்திருந்தால் அதையும் படத்தில் கேட்டு வாங்குங்கள்.

இருபக்கக் கதவுகளும் திறந்த நிலையில், அன்றைய தேதி எழுதிய தாளை உள்ளே வைத்து, வெளிப்புறமும் உட்புறமும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி படம் கேளுங்கள். "பம்பு கிடங்கில் இருக்கிறது, கதவின் சாவி இல்லை" என்ற பதில் எனக்கும் வந்தது. நான் அதை நம்பினேன். வந்த பம்பின் கதவில் பூட்டே இல்லை. (பழைய எரிபொருள் எச்சம் குழாய்களில் இருக்கலாம். திறந்த உடனே கிரைண்டரைப் பிடிக்காதீர்கள்.)

பணம் திரும்பவில்லை. இரண்டாவது முறை முறையிட்டபோது, பட்டியலில் நான் எழுதிய எல்லாவற்றையும் அனுப்பிவிட்டதாகச் சொல்லி அவர் பேச்சை முடித்துக்கொண்டார். சென்ற வாரம் வேறொரு பெயரில் வந்த விற்பனை அறிவிப்பில் அதே உள்பக்கப் படத்தைப் பார்த்தேன், இம்முறை வேறு நிறப் பம்புக்கு. இடப்பக்கத் தூணில் வெல்டிங் தழும்பு உள்ள படத்தை யாராவது உங்களுக்கு அனுப்பினால், அந்தப் பம்பு உங்களுக்கு வரப்போவதில்லை.